உறுதியும் பேரேடும்

பெண்கள் வாணிகத்தின் உரிமையாளர் ஆகவேண்டும், அதற்குத் தலைமையும் தாங்கவேண்டும் என்பது இந்நாளில் மேடைதோறும் ஒலிக்கும் பேச்சாகிவிட்டது. பேச்சு நல்லதே. ஆயினும், உரிமை என்பதும் தலைமை என்பதும் ஒரே பொருளுக்கு வழங்கும் இரு பெயர்கள் என்று கருதிப் பலர் பேசுவதை நாம் கேட்கிறோம். சொத்தினைப் பெண்ணின் பெயருக்கு எழுதிவிட்டால் தொழிலின் தலைமை தானே அவளிடம் வந்து சேரும் என்பது அன்னோர் துணிபு. இத்துணிபு எவ்வளவுக்குப் பொருந்தும் என்று ஆராய விரும்புவோர் அயல்நாடுகளுக்குச் செல்லவேண்டியதில்லை. நம் நாட்டின் கீழ்க்கரையிற் கல்முனையைச் சூழ்ந்த ஊர்களுக்குச் சென்று சில நாள் தங்கிப் பார்த்தல் போதும்.

நமது கல்லூரியின் பழைய மாணவர் பலர்க்கு அவ்வூர்கள் புதியன அல்ல. ஆசிரியராகவும், கச்சேரி இலிகிதராகவும், நீர்ப்பாசனத் திணைக்களத்து உத்தியோகத்தராகவும் அங்கே ஆண்டுக்கணக்காகச் சேவை செய்தோர் நம்மிடையே உளர். 1961 ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டம் ஆகுமுன் அப்பகுதி மட்டக்களப்பின் தென்பாகமாக இருந்தது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பெருந்தெருவிற் பெரியநீலாவணையைக் கடந்தால் மருதமுனை. பின்னர்த் திரௌபதை அம்மன் தீமிதிப்பாற் பெயர்பெற்ற பாண்டிருப்பு. அப்பாற் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு. அடுத்துச் சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு. அதற்குத் தெற்கே நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. இந்து ஊரும் முஸ்லிம் ஊரும் அடுத்தடுத்து நிற்கும். எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்பது புதியவனுக்குப் புலப்படாது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே உள்ள மணற்பரப்பில் வீட்டோடு வீடு ஒட்டி மக்கள் வாழ்கின்றனர்.

அவ்வீடுகள் யாருடையன? இக்கேள்விக்கு அக்கரையில் விடை ஒன்றே. வீடு பெண்ணுடையது. தமிழ்நாட்டிலே வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஏளனம். கல்முனைப் பக்கத்திலோ மணமகன் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோதலே முறைமை. மகள் பிறந்த நாள் முதலாகத் தந்தை செங்கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குகிறான். மூத்தவளுக்கு மணமானதும் தாங்கள் குடியிருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்து, பெற்றோர் இளைய பெண்களோடு பக்கத்து வளவிற் சிறியதொரு வீட்டுக்கு மாறுவதும் உண்டு. வசதியுள்ள குடும்பமாயின் வீட்டோடு வயற்காணியும் சேர்ந்துவரும். இந்துக்களிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழக்கம் ஒன்றே.

இதன் அடியிற் கிடப்பது தாய்வழிக் குடிமுறை. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தந்தையின் குடியை அன்று. முன்னாளிற் கிழக்கிலங்கை இந்துக்களிடையே முக்குவர் சட்டம் என்ற ஒன்று வழங்கியது. 1876 ஆம் ஆண்டின் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அது வழக்கொழிந்தது. சட்டம் ஒழிந்தும் வழக்கம் ஒழியவில்லை. சீதன உறுதியின் உருவில் அது தொடர்ந்து வாழ்ந்தது. முஸ்லிம்களின் நிலை இன்னும் ஆராயத்தக்கது. இஸ்லாமிய வழியுரிமைப்படி மகனுக்குக் கிடைப்பதிற் பாதியே மகளுக்குக் கிடைக்கும். ஆனாற் பெற்றோர் தம் வாழ்நாளிலேயே வீட்டையும் காணியையும் மகளுக்கு நன்கொடையாக எழுதிவிடுவதால், பிரிக்கும் நாள் வரும்போது பிரிப்பதற்குப் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சுவதில்லை. அவ்வாறு எழுதப்பட்ட சொத்தில் இஸ்லாமியச் சட்டப்படி கணவனுக்கு எவ்வித அதிகாரமும் இல்லை. மனைவியின் சொத்து மனைவியுடையதே. இங்கிலாந்திலே மணமான பெண் தன் பெயரிற் சொத்தினைத் தனியுரிமையாக வைத்திருக்க 1882 ஆம் ஆண்டின் சட்டம் வரையிற் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்ப்போர், நாகரிகம் எத்திசையிலிருந்து எத்திசைக்கு வந்தது என்று சற்று நின்று சிந்திப்பர்.

சொத்துரிமையே தலைமையைத் தருமெனின், கல்முனைக் கடைத்தெருவிற் கல்லாப் பெட்டியின் முன்னே பெண்களே வீற்றிருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லை என்பது அத்தெருவில் நடந்தோர் அனைவர்க்கும் தெரியும். புடைவைக் கடையாயினும், இரும்புக் கடையாயினும், நெல் ஆலையாயினும் முதலாளி என்று அழைக்கப்படுபவர் ஆண்மகனே. அச்சொல்லையே சற்று எண்ணிப் பார்க்கலாம். முதலை ஆள்பவன் முதலாளி. முதலாளியம்மா என்ற சொல் தமிழில் உண்டு. ஆனால் அது முதலை ஆளும் பெண்ணைக் குறிப்பதைவிட முதலாளியின் மனைவியைக் குறிப்பதே மிகுதி. இதில் வேடிக்கை என்னவெனில், பல கடைகளில் அந்த முதலைத் தந்தவளே அவள்தான்.

இதனை நாம் மிகைபடச் சொல்லவில்லை. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்னும் தமிழ்ச் சொல்லையே எடுத்தாண்டு அதற்குப் பொருளும் வரையறுத்துள்ளது. மணத்தின் பொருட்டுப் பெண்வீட்டார் மணமகனிடம் கொடுக்கும் பணமும் அசையும் பொருளும் கைக்கூலி. யாருடைய பயனுக்காக? மணமகளின் பயனுக்காக என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதனைத் திருப்பித் தருமாறு மனைவி காதியார் முன் வழக்கிடலாம் என்றும் சொல்கிறது. அஃதாவது, மாப்பிள்ளை அப்பணத்தைக்கொண்டு கடை திறந்தானாயின், அவன் தன் மனைவியின் முதலை வைத்து வாணிகம் செய்கிறான் என்பதே சட்டத்தின் கண்ணோட்டம். ஆனாற் கடையின் பேரேட்டிலே அந்தப் பணம் யார் பெயரில் வரவு வைக்கப்படுகிறது? பெரும்பாலும் எவர் பெயரிலும் அன்று. மணமுறிவு நேர்ந்து வழக்கு வந்தாலன்றி, அப்பணம் ஒருகாலத்தில் ஒருத்தியுடையதாய் இருந்தது என்ற நினைவே எவர்க்கும் வருவதில்லை.

குடிமுறையிலும் இதுவே கதை. குடி பெண்வழி வருகிறது. ஆனாற் பழைய முறைப்படி பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிக்கொருவராக அமர்ந்த மரைக்காரும், கோயிலிற் குடியின் சார்பில் நின்ற வண்ணக்கரும் ஆண்களே. பெண் வழியாகவன்றி அவ்வுரிமை அவர்களுக்கு வந்திராது. எனினும் உரிமையைக் கடத்துவது அவள் வேலை, ஆள்வது அவர் வேலை என்று ஊர் வகுத்துக்கொண்டது.

கண்ணகி வழிபாடு தழைத்த கரை அது. காரைதீவிலும் அயலூர்களிலும் வைகாசி மாதத்தில் அம்மன் கதவு திறக்கும்போது திரள்வோர் அனைவரும் அவள் கதையை அறிவர். அக்கதையை நாம் கற்பின் கதையென்றும், ஊழின் கதையென்றும், அரசநீதியின் கதையென்றும் வகுப்பறையிற் படித்திருக்கிறோம். அதனை ஒரு வாணிகக் கதையாக யாரும் நமக்குப் படிப்பித்ததில்லை. கோவலன் வணிகன், தன் பொருளை இழந்தான், மனைவியின் சிலம்பை முதலாகக் கொண்டு மதுரையில் மீண்டும் வாணிகம் தொடங்க எண்ணினான். முதல் அவளுடையது. சந்தைக்குப் போனவன் அவன். விலை பேசியவன் அவன். யாரிடம் விற்பது என்று தீர்மானித்தவனும் அவனே. அவள் ஆயர் சேரியில் இருந்து காத்திருந்தாள். அச்சிலம்பு தன்னுடையது என்று அவள் வாய் திறந்து சொல்வதற்குக் கிடைத்த முதற் சந்தர்ப்பம், எல்லாம் முடிந்தபின்னர் அரசன் அவையிலே வாய்த்தது. உடைத்துக் காட்டினாள், உள்ளே மாணிக்கப் பரல் இருந்தது. உடைமையை நிறுவுவதற்கு அதனினும் தெளிவான சான்று எந்த நீதிமன்றிலும் காட்டப்பட்டதில்லை. காலந்தான் கடந்துவிட்டது.

பழங்கதையை விட்டு நம் காலத்து ஆராய்ச்சி ஒன்றைப் பார்ப்போம். சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்தோபர் வூட்றவ் என்னும் பொருளியலாளர் மூவர், 2005 ஆம் ஆண்டிற் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களிற் சிறுதொழில் நடத்துவோரைத் தெரிந்து, அவருட் சிலர்க்குச் சீட்டுப்போட்டு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியைக் கடனாக அன்றிக் கொடையாகவே அளித்தனர். பணத்தைப் பெற்ற ஆண்களின் இலாபம் பெருகியது. பெண்களின் இலாபமோ, சராசரியாகப் பார்க்குமிடத்து, பெருகவில்லை. இதனைக் கண்டு, பெண்ணுக்குத் தொழிற்றிறம் போதாது என்று முடிவுகட்ட விரைந்தோர் இருந்திருக்கலாம். பின்னர் 2019 இல் வேறு நால்வர் இத்தரவுகளை இந்தியா, கானா நாட்டுத் தரவுகளோடு சேர்த்து மீண்டும் ஆராய்ந்தனர். வீட்டிலே அவளுடைய தொழில் ஒன்றே தொழிலாக இருந்தவிடத்து, பணம் ஆணுக்குத் தந்த பயனையே பெண்ணுக்கும் தந்திருந்தது. கணவனும் தனியே ஒரு தொழில் நடத்திய வீடுகளிலேதான் அவளுடைய இலாபம் உயரவில்லை. அவள் பெற்ற முதல் அவன் தொழிலுக்குப் போய்விட்டது என்பது அவர்கள் கண்ட விளக்கம். சிலம்பு மறுபடியும் சந்தைக்குப் போயிற்று எனலாம்.

கணவன் தொழிலுக்கு மனைவி உதவுவதிற் பிழை என்ன, இருவரும் ஒரு குடும்பந்தானே என்று கேட்பர். பிழை யாதும் இல்லை, கணக்கு இருக்குமாயின். கூட்டுத்தொழிலிற் பங்காளி இட்ட முதலைப் பேரேட்டில் எழுதாத கணக்கனை எந்த முதலாளியும் ஒருநாளும் வைத்திருக்கமாட்டான். மனைவியின் முதலைமட்டும் எழுதாமல் விடுவதை அன்பு என்று பெயரிட்டழைக்கிறோம்.

மருதமுனையின் நெசவைப்பற்றி இனிச் சொல்லவேண்டும். அவ்வூர்ச் சாரமும் சேலையும் இலங்கை முழுவதும் அறியப்பட்டவை. தறியின் ஓசை கேளாத ஒழுங்கை அவ்வூரில் இல்லை என்ற காலம் இருந்தது. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதி இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது கைத்தறித் துணிக்கு நாடெங்கும் கிராக்கி. 1977 இற் சந்தை திறந்துவிடப்பட்டதும் அயல்நாட்டு ஆலைத்துணி வந்து குவிந்தது. நாட்டின் தறிகளிற் பெரும்பாலன ஓய்ந்தன. மருதமுனை முற்றாக ஓயவில்லை. அது ஓயாமைக்கு ஒரு காரணம், தறி வீட்டிலே இருந்தமையும், வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் இடையிற் கிடைத்த நேரத்தையெல்லாம் அதில் இட்டமையுமே என்பது எமது கருத்து. நூலுக்குச் சாயமிடுதல், காயவைத்தல், சுற்றுதல், பாவோட்டுதல், நெய்தல் என்ற வேலை வரிசையிற் பெண்ணின் கை படாத இடம் அரிது. தறி நிற்கும் தாழ்வாரமும் அவளுடைய சீதன வீட்டின் தாழ்வாரமே. ஆயினும் நூல் வாங்குவது வேறொருவர். எந்த நிறத்தில் எத்தனை சாரம் வேண்டும் என்று சொல்வது வேறொருவர். கொழும்பு மொத்த வியாபாரியிடம் விலை பேசுவது வேறொருவர். அவளுக்குக் கிடைப்பது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி. தன் வீட்டில், தன் கூரையின்கீழ், தன் உழைப்பில் உருவாகும் பொருளுக்கு அவள் கூலியாள். பெண் உரிமையாளராக இருந்தும் தொழிலிற் கூலியாளாக நிற்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று நாம் தேடவேண்டியதில்லை.

அதே தறியும் அதே நூலும் வேறிடத்தில் வேறுவிதமாக நடந்தன. கொழும்பிலே பார்பரா சன்சோனி என்னும் பெண்மணி, நல்லாயன் சபைக் கன்னியாத்திரிகள் கிராமப் பெண்களுக்கு நடத்திய நெசவுக்கூடங்களுக்கு நிறமும் கோலமும் வகுத்துக் கொடுக்கத் தொடங்கினார். 1960 களிற் பெயார்புட் என்னும் பெயரிற் கடையும் திறந்தார். 2022 இல் அவர் மறைந்தபோது அத்துணிகள் உலகறிந்தவையாய் இருந்தன. அங்கே நிறத்தைத் தீர்மானித்தது ஒரு பெண். விலையைத் தீர்மானித்ததும் அவரே. நெய்தவரும் பெண்களே. அந்நிறுவனத்திலும் நெய்தவள் உரிமையாளர் அல்லளே என்று ஒருவர் மறுத்துரைக்கலாம், அம்மறுப்பு நியாயமானது. அவ்வாறு மறுப்போர்க்கு 1959 ஆம் ஆண்டிற் பம்பாயிலே ஏழு பெண்கள் கூடி 80 ரூபா கடன் வாங்கி அப்பளம் செய்து விற்கத் தொடங்கிய கதையைக் காட்டுவோம். லிஜ்ஜத் என்று பெயர்பெற்ற அந்நிறுவனத்தில் இன்று உறுப்பினர் பல்லாயிரவர். உறுப்பினர் என்றாற் பங்காளர். பங்காளர் அனைவரும் பெண்கள். ஆண்களைக் கணக்கெழுதவும் வாகனம் ஓட்டவும் சம்பளத்துக்கு அமர்த்துகின்றனர். அப்பளம் இடத் தெரிந்த கைகளுக்குக் கணக்கு விளங்காது என்ற எண்ணத்தை அந்த ஏழு பேரும் மறுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

கல்முனைக் கரையிற் பெண்ணிடம் இருந்த உறுதியே ஒருமுறை கைநழுவப் பார்த்தது. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாட் காலையிற் கடல் பொங்கியபோது, இலங்கையில் எந்த மாவட்டத்தையும்விட அம்பாறையிலேயே உயிரிழந்தோர் தொகை மிகுதி, பதினாயிரத்துக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோர வீடுகள் அத்திவாரத்தோடு போயின. தறிகளும் போயின. கீழ்க்கரையிற் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது; அவ்வெல்லைக்கு அப்பால் முழுதாய் அழிந்த வீட்டைத் திருப்பிக் கட்ட 250,000 ரூபா தவணைமுறையில் வழங்கப்பட்டது; உள்ளே இருந்தோர்க்கு வேறிடத்தில் அயல்நாட்டு உதவியால் வீடுகள் எழுந்தன. உதவி பெறுதற்கு ஒரு படிவம். அப்படிவத்தில் ஒரு நிரல். குடும்பத் தலைவரின் பெயர் என்று அதிற் கேட்டிருந்தது.

தலைவர் யார்? எழுதிய உத்தியோகத்தருக்கு ஐயமே எழவில்லை. கணவன் உயிரோடு இருந்தாற் கணவன். அழிந்த வீடோ மனைவியின் சீதனம். அதன் உறுதி அவள் பெயரில் நொத்தாரிசின் கையொப்பத்தோடு இருந்தது, அல்லது கடலோடு போயிருந்தது. அதற்கு ஈடாக வந்த பணமும் வீடும் பலவிடங்களிற் கணவன் பெயருக்கு எழுதப்பட்டன. எந்தப் பாராளுமன்றமும் விவாதிக்கவில்லை. எந்த ஆலிமும் தீர்ப்புச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற வீடு, ஒரு படிவத்தின் ஒரு நிரலால் ஆண்வழிக்கு மாறத் தலைப்பட்டது. மகளிர் அமைப்புக்களும், அக்கரையின் வழக்கங்களை அறிந்த ஆராய்ச்சியாளரும் இதனைச் சுட்டிக்காட்டிக் குரலெழுப்பினர். ஊர்மக்களும் சும்மா இருக்கவில்லை. மகளுக்கு மணம் வந்தபோது அவ்வீட்டைத் திரும்பவும் அவள் பெயருக்குச் சீதனமாக எழுதும் வழியைத் தேடிக்கொண்டனர். வழக்கத்தின் வேர் ஆழமானது. ஆயினும் இடைப்பட்ட தலைமுறையில் மனைவியாக இருந்தவளின் பெயர் அந்த வரிசையிலிருந்து விடுபட்டுப்போனதை எவர் ஈடுசெய்வார்?

1960 ஆம் ஆண்டில் உலகிலேயே முதன்முதலாக ஒரு பெண்ணைப் பிரதமராக்கிய நாடு நமது நாடு. நாட்டுக்குத் தலைவியாக ஒருத்தியை ஏற்ற நம் கந்தோர்கள், வீட்டுக்குத் தலைவியாக ஒருத்தியை எழுத நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின்னரும் கை கூசின. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும் இப்போக்கினதே. கல்லோயாத் திட்டம் முதலிய குடியேற்றங்களில் அனுமதிப்பத்திரக் காணி பெற்றவர் பின்னுரித்தாளரை நியமியாமல் இறந்தால், அச்சட்டத்தின் அட்டவணை மகனை முன்னும் மகளைப் பின்னும் வைத்தது. 2022 ஆம் ஆண்டிலேதான் அது திருத்தப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள்.

இவையெல்லாம் பிறர் குறை என்று நாம் எண்ணிவிடலாகாது. தேசவழமைக்கு உட்பட்ட நம்மவர் நிலையையும் பார்த்தல் நேர்மை. சீதனம் பெண்ணின் முதுசம் என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் அசையாச் சொத்தைத் தன் வாழ்நாளிற் பராதீனப்படுத்தக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று விதித்தது. அவன் நியாயமின்றி மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாமாம். அவ்விதி நூறாண்டுக்கு மேலாக நின்று வழங்கியது. வாணிகம் தொடங்க விரும்பும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? வங்கி கடன் தருமுன் ஈடு கேட்கும். ஈடு அவளுடைய காணி. ஈட்டுறுதியிற் கணவனின் சம்மதக் கையொப்பம் இல்லாமல் நொத்தாரிசு பேனாவை எடுக்கமாட்டார். கல்முனையிலே உறுதி எழுதும் முஸ்லிம் பெண்ணுக்கு இவ்விலங்கு இருந்ததில்லை. சட்டம் கற்ற பழைய மாணவர்கள் பலர் நம்மிடையே இருந்தும், இவ்வேறுபாட்டை அவர்கள் போதிய அளவு உரக்கப் பேசவில்லை என்பது எமது தாழ்மையான அபிப்பிராயம்.

இன்னொன்றும் உண்டு. பழைய மாணவருள் அரசாங்க உத்தியோகத்தர் பலர். உத்தியோகத்தில் இருந்துகொண்டு வியாபாரம் செய்தற்குத் தாபன விதிகள் இடம்கொடுப்பது அரிது. எனவே கடையும் ஆலையும் மனைவியின் பெயரிற் பதிவாகும். பதிவுப் பத்திரத்தைச் சட்டமிட்டு, ஊதுபத்தி கொளுத்தி, சுவரில் மாட்டுவர். அதில் உரிமையாளராக எழுதப்பட்ட அம்மையார் அக்கடையின் ஐந்தொகையை ஒருமுறையேனும் பார்த்ததுண்டா என்று கேட்டால் வீட்டிற் சிரிப்பொலி எழும். இத்தகைய பதிவுகளையும் சேர்த்தே நாட்டிற் பெண் உரிமையாளரின் தொகை எண்ணப்படுகிறது. அவ்வாறு எண்ணியும், 2013/14 பொருளாதாரக் கணக்கெடுப்பிற் பெண் உரிமையாளர் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே. தொழில் பெரிதாக ஆக அந்தப் பங்கு இன்னும் சுருங்குகிறது.

கடன் பெறுவதில்மட்டும் பெண்ணின் பெயர் தாராளமாக முன்னே வருகிறது. நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைத் தேடித்தேடிக் கடன் கொடுத்தன. அவர்கள் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவர் என்பதற்காக. எடுத்த கடன் எங்கே போயிற்று என்று கேட்டவர் சிலர். 2018 ஆம் ஆண்டில், வறட்சியால் நலிந்த 12 மாவட்டங்களிற் பெண்கள் பட்ட 100,000 ரூபா வரையிலான நுண்கடன்களை நிபந்தனையோடு தள்ளுபடி செய்யும் நிலைக்கு அரசாங்கமே வந்தது. முதலை ஆளாதவள் கடனைமட்டும் சுமந்தாள்.

முஸ்லிம் ஊர்களிற் பெண்கள் சந்தைக்கு வருதல் பண்பாட்டுக்கு ஒவ்வாது, ஆகவே இப்பேச்சு அங்கே செல்லாது என்று கூறுவோர் உளர். அச்சமயத்தின் வரலாற்றையே அவர்களுக்கு நினைவூட்டலாம். நபிகள் நாயகத்தின் முதற் றுணைவியாராகிய கதீஜா அம்மையார் மக்காவின் பெருவணிகருள் ஒருவர். வணிகக் கூட்டத்தோடு அவர் ஒட்டகமேறிச் சென்றாரல்லர். தம் சரக்கை நம்பிக்கையானவர் கையிற் கொடுத்துச் சிரியா நாட்டுக்கு அனுப்பினார். அவ்வாறு சென்றவருள் இளமைக்காலத்து நபிகளும் ஒருவர். யாரை அனுப்புவது, எதை அனுப்புவது, வந்த இலாபத்தில் யார்க்கு எவ்வளவு என்பன அம்மையாரின் தீர்மானங்கள். கல்லாப் பெட்டியின் முன்னே உட்காருவதைத் தலைமை என்று எண்ணுவோர், வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒரு வாணிகத்தை ஆளமுடியும் என்பதை மறந்துவிடுகின்றனர். கைத்தொலைபேசியிற் படம் அனுப்பித் தைத்த உடுப்புக்கும் நெய்த சேலைக்கும் கட்டளை பெறும் இளம்பெண்கள் இன்று அவ்வூர்களில் இருக்கின்றனர். அவர்களுக்குத் தெருவுக்கு வரும் அவசியமே இல்லை. ஆனால் வாங்கியவர் அனுப்பும் பணம் எந்த வங்கிக் கணக்கிற் சேருகிறது என்பதைக் கேட்டறிதல் வேண்டும்.

எனவே பெண்களுக்குச் சொத்துக் கொடுங்கள் என்ற அறிவுரையைக் கல்முனைக் கரைக்குக் கொண்டுபோதல் கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும். அங்கே வேண்டப்படுவது வேறு. மனைவி தந்த முதலைக் கடைக்கணக்கில் முதலீடாக எழுதுதல் வேண்டும். வங்கிக் கணக்கில் அவளுடைய கையொப்பமின்றிப் பணம் எடுக்கலாகாது என்ற ஏற்பாடு வேண்டும். நெசவுக்காரிகள் கூடி நூலை மொத்தமாக வாங்கித் தாமே விலை பேசுதல் வேண்டும். உதவிப் படிவங்களிற் குடும்பத் தலைவர் என்ற நிரலை நீக்கி, வீட்டின் உரிமையாளர் யார் என்று கேட்டெழுதுதல் வேண்டும். அடுத்த அனர்த்தம் வருமுன்னரே அது நடைபெறுதல் நன்று. கணக்கியலை விரும்பிக் கற்கும் மாணவியர் அவ்வூர்ப் பாடசாலைகளில் ஏராளம். உயர்தரத்தில் வணிகப் பிரிவிற் சித்தியெய்திய மகள் வீட்டிலிருக்க, தகப்பன் கடையின் பேரேட்டைப் பத்தாம் வகுப்போடு நின்ற மருமகன் எழுதுவானேன்?

இவற்றைச் செய்தற்கு நம் பழைய மாணவருள் வங்கி முகாமையாளராகவும், கணக்காய்வாளராகவும், நொத்தாரிசுகளாகவும், பிரதேச செயலாளர்களாகவும் விளங்குவோரின் கையிற் பெரிய அதிகாரம் ஒன்றும் தேவையில்லை. கூட்டுத்தொழில் ஒப்பந்தம் எழுத வருபவனிடம், முதல் யார் தந்தது என்று ஒரு கேள்வி கேட்டாற் போதும். பதில் வர நேரமாகும். காத்திருக்கலாம்.

வெள்ளிவிழா, பொன்விழா, வைரவிழா என்று நாம் மலர் வெளியிடும்போதெல்லாம் பின்பக்கங்களை வியாபாரிகளின் வாழ்த்து விளம்பரங்கள் நிறைக்கின்றன. அவ்விளம்பரங்களின்றி மலர் அச்சேறாது. அவர்களுக்கு நாம் கடப்பாடுடையோம். வாசகர் அப்பக்கங்களைப் பொறுமையாகப் புரட்டி, உரிமையாளர் என்ற சொல்லுக்குக் கீழே உள்ள பெயர்களை ஒருமுறை படித்துப் பார்ப்பாராக. பின்னர், அக்கடைகளின் முதலிலே எவ்வளவு எந்த வீட்டுப் பெண்ணின் சீதனமாக வந்தது என்று தாம் அறிந்த அளவில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பாராக. சிலவற்றுக்கு விடை அவரவர் வீட்டிலேயே கிடைக்கும்.